முடிந்த வேலையைப் பார்க்கப் போகிறவர்

அவருக்கு வண்டியில் தூங்கத் தெரியாது. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிற பாதையில், தலவாக்கலை தாண்டியதும் யாராக இருந்தாலும் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிடுவார்கள். வளைவும் பனியும் அப்படி. நாங்கள் சேர் என்று கூப்பிடுகிற அவர் மட்டும் கண்ணாடியை இறக்கிவிட்டு, கழுத்தை வெளியே நீட்டிக்கொண்டு, மலைச்சரிவில் தெரிகிற ஒவ்வொரு ஸ்டோரையும் பார்த்துக்கொண்டே வருவார். தேயிலை அரைக்கிற பெக்டரியை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அவற்றில் ஏதாவது ஒன்று அவர் கூரை மாற்றிக் கொடுத்ததாகவோ தூண் எழுப்பிக் கொடுத்ததாகவோ இருக்கும். அது கண்ணில் பட்டுவிட்டால் அன்றைய பயணம் அவ்வளவுதான்.

"தம்பி, உதில திருப்பும். ஒருக்காப் பாத்திட்டுப் போவம்."

"அது போன வருசமே முடிஞ்ச வேலை சேர்."

"முடிஞ்சதெண்டு ஆர் சொன்னது?"

"தோட்டத்துத் தொரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரே."

"அது துரை சொன்னது."

நான் திருப்புவேன். சேறும் கல்லுமான தோட்டத்துப் பாதையில் பிக்கப் ஆடி ஆடி ஏறும். பத்து நிமிடத்தில் முடியும் என்பார். மதியம் ஆகிவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கி சில வருடங்கள் அவருக்கு நான் வண்டி ஓட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கத்தில் இஞ்சினியராக இருந்து விலகி, ஹட்டனில் சொந்தமாகக் கொந்தராத்து எடுத்துச் செய்துகொண்டிருந்தார். தோட்டத்து ஸ்டோர்களில் தகரம் மாற்றுவது, கொழுந்து வாட்டுகிற மாடிக்குப் பலகை அடிப்பது, மெசின்களுக்கு அத்திவாரம் போடுவது, ஆற்றுக்கு மேல் சின்னப் பாலம் கட்டுவது எல்லாம் அவருடைய வேலை. எங்கள் ஆட்களில் மேசனும் வெல்டரும் தச்சனுமாக ஒரு லொறி நிறைய இருந்தோம். வேலை நடக்கும்போது அவர் மற்றக் கொந்தராத்துக்காரர்களைப் போலத்தான் இருப்பார். ஏசுவார், அவசரப்படுத்துவார், மழை வந்தால் வானத்தைத் திட்டுவார். வேலை முடிந்த பிறகுதான் அவருக்குத் தொடங்கும்.

தூணுக்குப் பக்கத்தில் போய் உள்ளங்கையை வைத்து நிற்பார். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் தாய் கை வைத்துப் பார்ப்பதுபோல் இருக்கும். பிறகு சட்டைப் பையில் இருக்கிற சின்னச் சுத்தியலை எடுத்துத் தட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். ஓரடி தள்ளி மறுபடியும் தட்டுவார். ஸ்டோரில் வேலை செய்கிற பொம்பிளைகள், "டொக்டர் வந்துட்டாரு, நாக்க நீட்டுங்கடி," என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்குக் கேட்கும். கேட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் புதுக் கூரை போட்டு முடித்ததும் மனேஜரான தொரை பெரிய விழா வைத்தார். வாழை கட்டி, சாமி படத்துக்கு மாலை போட்டு, சிங்களத்திலும் தமிழிலும் பேசி, எங்கள் சேரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நாற்காலி காலியாக இருந்தது. நான் தேடிக்கொண்டு போனேன். ஸ்டோருக்குப் பின்னால், நீர்த்தேக்கம் தெரிகிற பக்கத்தில், வெள்ளைச் சட்டையோடு குந்தியிருந்து கூரைப் பீலித் தண்ணீர் இறங்குகிற குழாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார்.

"சேர், மாலை போட வெயிட் பண்றாங்க."

"இந்தக் குழாய் காணாது தம்பி. பெரு மழை எண்டா தண்ணி பின்னுக்கு ஏறும்."

"பெரு மழை வரட்டும் சேர், அப்ப பாப்போம். இப்ப மாலை."

எழுந்து வந்தார். மாலை போட்டார்கள். கழுத்தில் மாலையோடு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் போட்டோவை நான் பிறகு பார்த்தேன். எல்லோரும் கமெராவைப் பார்த்துச் சிரிக்க, அவர் மட்டும் மேலே எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவி ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். நாங்கள் டீச்சர் என்போம். வீட்டுக்குப் போனால் டீச்சர் எனக்கும் சாப்பாடு போடுவார். சேர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவார்.

"இஞ்சாருங்கோ, ஒரு நாளைக்காவது இருந்து சாப்பிடுங்கோவன்."

"இருக்கிறன், இருக்கிறன்."

இருக்க மாட்டார். ஒரு நாள் டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "தம்பி, இவரைக் கூட்டிக்கொண்டு வரேக்க வேற பாதையால வாரும். பழைய வேலை ஒண்டும் இல்லாத பாதை பாத்து."

நானும் முயற்சி செய்தேன். நுவரெலியாவிலிருந்து திரும்பும்போது நானுஓயாவில் ஒரு சுற்றுப் பாதையை எடுத்தேன். சேர் கண்ணாடியை இறக்கினார். கொஞ்ச தூரம் போனதும் கழுத்தை நீட்டி, "தம்பி, இந்தப் பாதையில ஒரு மதகு இருக்கு. நான் முந்தி அரசாங்கத்தில இருக்கேக்க கட்டினது. நல்ல காலம், இதால வந்தீர்," என்றார். இறங்கி அந்த மதகுக்குக் கீழே போய்விட்டார். மழைத் தூறலில் நான் வெளியே நின்றேன். பிறகு டீச்சரிடம் விசயத்தைச் சொன்னபோது, அவர் என் தட்டில் இன்னொரு அகப்பை சோறு போட்டார்.

ஏன் இப்படி என்று எங்கள் ஆட்களுக்குள் பல கதைகள் இருந்தன. அரசாங்கத்தில் இருக்கும்போது அவர் கட்டிய பாலம் ஒன்று ஆளோடு விழுந்துவிட்டது என்று மேசன் சொல்வார். யாழ்ப்பாணத்தில் அவர் வீடு ஷெல் விழுந்து போனதால் வந்த குழப்பம் என்பார் வெல்டர். இன்னொருவர், அது ஒரு வியாதி, அதற்குக் கண்டியில் டொக்டர் இருக்கிறார் என்றார். நான் ஒரு தடவை நேராகவே கேட்டேன்.

"பழக்கம் தம்பி," என்றார்.

அந்தப் பழக்கம் அந்த யுத்த காலத்தில் ஆபத்தானதும்கூட. நானுஓயாவில் ஒரு தடவை செக்பொயின்டில் மறித்தார்கள். பொலிஸ்காரர் சேருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்று அதில் இருக்கிறது.

"கொஹெத யன்னே?" என்றார். எங்கே போகிறீர்கள்?

சேர் நல்ல சிங்களத்தில் தோட்டத்தின் பெயரைச் சொன்னார்.

"அங்கே என்ன வேலை?"

"வேலை முடிஞ்சுது."

"முடிஞ்ச வேலைக்கு ஏன் போறீங்க?"

"பாக்க."

"எதைப் பாக்க?"

"தூணை."

பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். தூண் பார்க்கப் போகிறவரை அவர் எந்த வகையில் சேர்ப்பார்? சட்டைப் பையில் இருந்த சுத்தியலை எடுத்து மேசையில் வைத்தார்கள். பிக்கப்பில் சீட்டைக் கழற்றினார்கள். தோட்டத்துக்கு டெலிபோன் எடுத்து, லைன் கிடைக்காமல், மறுபடியும் எடுத்து, தொரை பேசி, எங்களை விடும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. ஒரு வார்த்தை 'வேலை நடக்குது' என்று சொல்லியிருந்தால் அஞ்சு நிமிடத்தில் விட்டிருப்பார்கள். ஹட்டனுக்குத் திருப்பலாம் என்று வண்டியை எடுத்தேன்.

"எங்க திருப்புறீர்? நேரை போம்," என்றார்.

நேரே போனோம். தூண் நன்றாகத்தான் இருந்தது.

எப்போதாவது அவர் பார்த்த இடத்தில் ஏதாவது பிழை இருந்ததா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து ஒரு தடவை இருந்தது. இல்லையென்றும் சொல்லலாம். கொத்மலைப் பக்கம் அதே ஸ்டோரில் டிரையருக்கு, அதாவது தேயிலையைக் காய வைக்கிற மெசினுக்கு, நாங்கள்தான் புது அத்திவாரம் போட்டுக் கொடுத்திருந்தோம். சித்திரை மழை விழுந்து கொழுந்து குவிகிற நேரம். ஒருக்காப் பார்த்துவிட்டு வரலாம் என்று உள்ளே போனவர், நின்று காதைச் சாய்த்தார். பிறகு நேரே போய் சுவிட்சை அடித்து மெசினை நிறுத்திவிட்டார்.

ஸ்டோர் முழுக்க ஓசை அடங்கிப்போனது. கூடை கூடையாகக் கொழுந்து வந்து இறங்கிக்கொண்டிருந்தது. தொரை ஓடி வந்தார். ஆளுக்கு ஆள் கத்தினார்கள். சத்தம் மாறியிருக்கிறது, விசிறியின் தண்டைக் கழற்றிப் பாருங்கள் என்று சேர் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் கழற்றினார்கள். தண்டில் மயிர்போல ஒரு கோடு இருந்தது. அதை வெடிப்பு என்றார் சேர். பழைய கீறல், இன்னும் பத்து வருசம் ஓடும் என்றார் தோட்டத்து மெக்கானிக். புதுத் தண்டு போட்டார்கள். அன்று வந்த கொழுந்தெல்லாம் காய வைக்க வழியில்லாமல் பழுதாகிக் கொட்டப்பட்டது. பழைய தண்டு உடைந்திருக்குமா இல்லையா என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

"முடிஞ்ச வேலையப் பாக்க இனிமே இந்தப் பக்கம் வராதீங்க," என்றார் தொரை.

வண்டியில் ஏறியதும் சேர் சொன்னார்: "நான் சொன்னது சரியெண்டா ஒண்டும் நடக்காது தம்பி. ஒண்டும் நடக்காட்டி நான் பைத்தியம், விசரன்." சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக் கழுத்தை வெளியே நீட்டிக்கொண்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தோட்டங்களில் அறை அறையாக ஒட்டிக் கட்டிய லயத்தை விட்டுத் தனி வீடு கட்டிக் கொடுக்கிற வேலைகள் வந்தன. உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு வரிசை வீடு எங்களுக்குக் கிடைத்தது. இடத்தைப் பார்த்த அன்றே சேருக்குப் பிடிக்கவில்லை. மேலே பாதைக்காக மண்ணை வெட்டியிருந்தார்கள், கீழே சரிவு, நடுவில் ஒரு ஊற்று. வேறு இடம் கேட்டார். வேறு இடமெல்லாம் நல்ல தேயிலை நிற்கிறது என்றார்கள். அந்தச் சரிவில் தேயிலை பிடிக்கவில்லை, அதனால்தான் வீட்டுக்குக் கொடுத்தார்கள். வேலையை விட்டுவிடலாம் என்று அவர் ஒரு கிழமை யோசித்ததாக டீச்சர் சொன்னார். இவர் விட்டால் இன்னொருவர் வந்து மதிலும் கட்டாமல், தண்ணீர் ஓடக் கானும் வெட்டாமல் வீட்டை நிறுத்திவிட்டுப் போவார் என்று கடைசியில் எடுத்தார்.

கட்டினோம். பின்னால் கல் மதில் எழுப்பினோம். ஊற்றுத் தண்ணீருக்குக் கான் வெட்டினோம். பால் பொங்கிச் சனங்கள் குடிவந்தார்கள்.

கடைசி வீடு ராமாயி அக்காவுடையது. கொழுந்து பறிக்கிறவர். புருசன், ரெண்டு பிள்ளைகள், புருசனுடைய அப்பா. அதுவரைக்கும் லயத்தில் ஒரே காம்பராவில், அதாவது ஒரே அறையில், எல்லோரும் ஒன்றாகச் சமைத்து ஒன்றாகப் படுத்தவர்கள். கிழவர் ஸ்டோரில் நெருப்புப் போடுகிற வேலை செய்து ஓய்ந்தவர், இழுப்புக்காரர். புது வீட்டு வாசலில் உட்கார்ந்து கதவைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருப்பார். "சாவி போட்ட கதவு தம்பி," என்று என்னிடம் சொல்வார்.

சேருக்கு மற்ற வேலைகளைப் பார்த்தால் ஒரு நாள் தூக்கம் போகும். இந்த வீடுகள் முடிந்தபின் முழுத் தூக்கமும் போய்விட்டது. ஹட்டனில் வெயில் அடித்தாலும் உடப்புசல்லாவையில் மழையா என்று டெலிபோன் எடுத்துக் கேட்பார். கார்த்திகை பிறந்ததும் அந்தப் பக்கம் மழை பிடித்தது. கிழமைக்கு ரெண்டு தரம், மூன்று தரம் போனோம். ராமாயி அக்கா வீட்டில் அடுப்பு எரிகிற குசினியின் சுவரில் ஒரு மெல்லிய வெடிப்பு வந்திருந்தது. அதன் குறுக்கே விரல் அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, ரெண்டு முனையையும் சீமெந்தால் ஒட்டினார். பின்னால் மதிலிலும் அதேபோல் சில இடங்களில் ஒட்டினார்.

"என்னாங்க சேர் இது?" என்றார் ராமாயி அக்கா.

"சுவர் அசைஞ்சா கண்ணாடி உடையும் தங்கச்சி. உடைஞ்சா எனக்கு உடன சொல்ல வேணும்."

அடுத்த தடவை போனபோது கண்ணாடிக்கு மஞ்சள் தடவி நடுவில் குங்குமம் வைத்திருந்தார் அக்கா. சேர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். துடைக்கச் சொல்லவில்லை.

மழை விடவே இல்லை. பாதையில் அங்கங்கே மண் சரிந்து, நாங்கள் மண்வெட்டியோடு இறங்கிச் சுரண்டிவிட்டுத்தான் போவோம். ஒரு மத்தியானம் போய்ச் சேர்ந்தபோது மதிலில் ஒட்டியிருந்த கண்ணாடி ஒன்று ரெண்டாகக் கிடந்தது.

சேர் அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார், நிமிர்ந்து மேலே பாதையைப் பார்த்தார். ஊற்றுத் தண்ணீர் வழக்கமாகத் தெளிவாக வரும். அன்று செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. தலைவரைக் கூப்பிடச் சொன்னார். தலைவர் என்றால் தோட்டத்தில் யூனியனுக்குத் தலைவர், எல்லாம் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். அவர் குடையோடு வந்தார், பின்னால் சனங்களும் வந்தார்கள்.

"எல்லாரும் வெளிக்கிட வேணும். இண்டைக்கே. பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ."

"எதுக்கு சேர்?"

"மதில் அசைஞ்சிருக்கு."

தலைவர் கண்ணாடியைப் பார்த்தார். "சின்னப் பசங்க பந்தடிக்கிற எடம் சேர் இது. பந்து பட்டுக்கூட ஒடஞ்சிருக்கும்."

பையன்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இல்லை என்றார்கள். ஒருவன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் நின்றான். பயத்தில் நின்றானோ என்னவோ.

"தண்ணியின்ர நிறத்தைப் பாருங்கோ," என்றார் சேர்.

"மழைக்குத் தண்ணி செவப்பாத்தான் வரும்."

அப்போதுதான் ராமாயி அக்கா கேட்டார். குரலை உயர்த்தவில்லை. "இந்த வீட்ட நீங்கதான கட்டுனீங்க சேர்? கட்டும்போது தெரியலையா?"

மழைச் சத்தத்தில் எல்லோரும் சேர் வாயையே பார்த்தார்கள். சேர் நனைந்துகொண்டு நின்றார்.

"பயம் இருந்தது தங்கச்சி. விழுமெண்டு தெரியாது. விழாதெண்டும் தெரியாது. இப்பவும் தெரியாது."

"தெரியாமலா போகச் சொல்றீங்க? லயத்துக் காம்பராவெல்லாம் வேற ஆளுங்களுக்குக் குடுத்தாச்சி. இந்தக் குளுருல பள்ளிக்கூடத்து சிமிந்துத் தரையில மாமாவ எப்படிப் படுக்க வைப்பேன்?"

சனங்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக்குள் போகத் தொடங்கினார்கள். சேர் திடீரென்று ராமாயி அக்கா வீட்டுக்குள் போனார். குசினிச் சுவரில் முதுகைச் சாய்த்து, ஈரக் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க போறவரைக்கும் நானும் இஞ்ச இருக்கிறன்," என்றார்.

அத்தனை வருடத்தில் அவர் ஒரு இடத்தில் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கை தட்டவில்லை. கால் ஆடவில்லை. கண் எதையும் தேடவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மதிலைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படிப் பயம் வரவில்லை.

ராமாயி அக்கா அடுப்பங்கரையில் நின்று அவரையே பார்த்தார். பிறகு அரிசிப் பானையை எடுத்து, பாயைச் சுருட்டி, பிள்ளைகளின் உடுப்பை ஒரு சேலையில் கட்டினார். "மாமா, எந்திரிங்க," என்றார். அவர் வெளிக்கிட்டதைப் பார்த்து அடுத்த வீடு வெளிக்கிட்டது. கிழவரைப் பிக்கப்பின் முன் சீட்டில் வைத்து நான்தான் கொண்டுபோனேன். கதவைப் பூட்டிய சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மழை பெய்தது. மலை சரிந்து வரவில்லை.

ஒவ்வொரு நாளும் சேர் போய் மதிலைப் பார்த்தார். மற்றக் கண்ணாடிகள் அப்படியே இருந்தன. பள்ளிக்கூடத்தில் பலகைத் தட்டி ஒன்றுதான் குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையில். பிள்ளைகளுக்குப் பாடம் நின்றது. தரையில் குளிர் ஏறியது. கிழவருக்கு இழுப்பு கூடி, நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

சாவுக்கு நாங்கள் போனோம். தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். சேரைப் பார்த்ததும் பொடியன்கள் சிலர் எழுந்து வந்தார்கள். தலைவர் மறித்தார். ராமாயி அக்கா வந்து சேருக்கு முன்னால் நின்றார்.

"அந்த வீட்டுல சாகணும்னுதான் அவரு ஆசப்பட்டாரு சேர்," என்றார்.

சேர் தலையைக் குனிந்து நின்றார். பாடை எழும்பியது. எல்லோரும் பின்னால் நடந்தார்கள். நானும் நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது சேர் எங்களோடு இல்லை. எதிர்ப்பக்கம், வீடுகள் இருக்கிற மேட்டுக்கு, குடையும் இல்லாமல் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். மதிலைப் பார்க்கத்தான்.

அந்த ஒரு விசயத்தில் எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஒரு மனுசனைக் குழிக்குக் கொண்டுபோகிற நேரத்தில்கூடவா? திரும்பி வரும்போது, நுவரெலியா தாண்டியதும் அவர், "ஆரும் திரும்பிப் போயிருப்பினமோ எண்டு பாத்தனான். எல்லாரும் சவத்தோட நிக்கேக்க ஒரு கிழவி வீட்டுக்குள்ள படுத்திருந்தா. கூட்டிக்கொண்டு போய் விட்டன்," என்றார். அது உண்மையாக இருக்கலாம். என் கோபம் போகவில்லை. இப்போதும் முழுக்கப் போகவில்லை.

பிறகு கச்சேரியிலிருந்து, அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்திலிருந்து, ஒரு அதிகாரி வந்து பார்த்தார். மதிலில் பயப்பட ஒன்றுமில்லை என்றார். சனங்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். தோட்டங்களில் கதை பரவியது. தன் வேலையைத் தானே நம்பாத ஆளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? கொந்தராத்து ஒவ்வொன்றாகக் கை நழுவியது. எங்கள் ஆட்கள் வேறு இடங்களுக்குப் போனார்கள். லொறியை விற்றார், பிறகு பிக்கப்பையும் விற்றார். மறு வருடம் சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்தது. டீச்சர் மாற்றம் எடுத்துக்கொண்டார். ஹட்டன் ஸ்டேசனில் நான்தான் சாமான்களை ஏற்றிவிட்டேன். சேர் என் கையைப் பிடித்தார்.

"உடப்புசல்லாவைப் பக்கம் போனா..." என்று தொடங்கினார். டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். அவர் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, "பாத்துப் போம் தம்பி," என்றார்.

சில வருடங்கள் போயின. நான் நானுஓயா ஸ்டேசனில் வேன் ஓட்டத் தொடங்கியிருந்தேன். ரயிலில் வருகிறவர்களை நுவரெலியாவுக்குக் கொண்டுபோய் விடுவது. ஒரு மார்கழி மாதம் உடப்புசல்லாவைக்கு ஒரு ஹயர் கிடைத்தது. ஆளை இறக்கிவிட்டு வரும்போது, எனக்கே காரணம் தெரியாமல் அந்தத் தோட்டத்துப் பாதையில் திருப்பினேன்.

வீடுகள் அப்படியே நின்றன. பெயின்ட் அடித்திருந்தார்கள். வாசலில் ரோசாச் செடி. ராமாயி அக்கா மலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு உள்ளே கூப்பிட்டார். ப்ளேன்டீ ஊற்றினார். குசினிச் சுவரில் கண்ணாடி முழுசாக இருந்தது.

"அவரு எங்க தம்பி இப்ப?"

"ஊருக்குப் போயிட்டாரு அக்கா."

"அங்க போயி யாரு வீட்ட தட்டிப் பாக்குறாரோ." கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டார். "மாமா செத்ததுக்கு அவருதான் காரணம். அத நான் இன்னைக்கும் சொல்லுவேன். அவரு முன்னாடியும் சொல்லுவேன்."

நான் ப்ளேன்டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

"மலையும் வரல. பாத்தீங்கல்ல? அன்னைக்கு வந்து பாத்த கச்சேரி ஐயாவும் வராதுன்னுதான் சொன்னாரு."

தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன. அக்கா பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். வெளியே போய் ஊற்றுத் தண்ணீரைப் பார்த்தார். உள்ளே வந்து அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தார். மூலையில் ஏற்கெனவே கட்டித் தயாராக ஒரு மூட்டை இருந்தது. பாயும் இரண்டு போர்வையும் அதோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அடுத்த வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு பொம்பிளை, "புள்ளைங்கள கூட்டிட்டு வாடி, அப்புறம் ரோட்டுல நனையணும்," என்று யாரையோ ஏசினார்.

"எங்கக்கா போறீங்க?"

"பள்ளிக்கூடத்துக்குத்தான். பெரிசா மழ பேஞ்சா போயிருவோம். காலையில வந்துருவோம். ஆம்பளைங்க சிரிப்பாங்க. சிரிச்சிக்கிட்டே பின்னாடியே வருவாங்க." மூட்டையைத் தலையில் தூக்கி வைத்தார். "என்னால உள்ள உக்கார முடியல தம்பி. உக்காந்தா அவரு அந்தச் சொவத்துல சாஞ்சிக்கிட்டு இருந்தது கண்ணுக்குள்ள வருது."

வாசலில் நின்று என் வேனைப் பார்த்தார்.

"வண்டியில எடம் இருக்கா?"

நான் போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டேன். மேட்டிலிருந்து குடையும் மூட்டையும் பிள்ளைகளுமாக அவர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.